கண்ணைத் திறந்து சொன்ன ஸ்தோத்திரம்

கோழிக் கம்பெனியில் அவரை ஸ்தோத்திரம் என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் வேறொரு பெயர் இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை. இந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால் அவருடைய வேலையைச் சொல்லிவிட வேண்டும்.

லாரியில் பிளாஸ்டிக் கூடைகள் வரும். கூடைக்குள் உயிருள்ள கோழிகள் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, தலைகீழாகத் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கிகள் ஒரு சங்கிலியில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். அவை நிற்பதே இல்லை. சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை, அதில் ரப்பர் திரை. கோழிகள் அந்தத் திரையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும்.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள், "நாங்க மாட்டுறதோட சரி" என்பார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள், "எங்ககிட்ட வரும்போதே மாட்டித்தான் வருது" என்பார்கள். வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், "நாங்களா வெட்டினோம்?" என்பார்கள். இப்படியாக அந்த ஊரில் தினமும் ஆயிரக்கணக்கான கோழிகள் யாருமே கொல்லாமல் செத்துக்கொண்டிருந்தன.

மாட்டுகிற இடத்தில் நீல விளக்குதான் எரியும். நீல வெளிச்சத்தில் கோழிகள் பதறாதாம். மனிதர்கள் பதறினாலும் அந்த வெளிச்சத்தில் தெரியாது. காற்றில் இறகுத் தூசி மிதக்கும். கையுறையையும் மீறி நகம் கீறும். வருடக்கணக்காகக் கையை மேலே தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள்பட்டை போய்விட்டது. சட்டை போடுவதற்கு மனைவி உதவ வேண்டியிருந்தது. சட்டை மாட்டிவிடும்போதெல்லாம் அந்த அம்மாள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"உக்காந்து பாக்குற வேலை ஒண்ணு கூடவா அந்தக் கம்பெனியில இல்ல?"

"இருக்கு. மேனேஜர் பாத்துக்கிட்டு இருக்காரு."

அவருக்கு இன்னொரு குறையும் உண்டு. மனதில் இல்லாததை வாயால் சொல்ல வராது. மச்சினன் கடன்பட்டுப் புது வீடு கட்டி, கூட்டிப்போய்க் காட்டி, "எப்படி மாமா இருக்கு?" என்று ஆசையோடு கேட்டான். இவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "கக்கூஸ் நல்லா இருக்கு" என்றார். மச்சினன் ஒரு வருடம் பேசவில்லை. "பொய் சொல்ல வேணாம், ஆனா ஊமையா இருந்திருக்கலாமில்ல?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று அவர் நினைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரைச் சபை ஒரு காரியத்துக்கு வைத்திருந்தது. டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவர்களுடைய சபை. கீழே ரப்பர் வாசனை, மேலே பாட்டுச் சத்தம். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஊழியர் சலுகையில் அவர் கம்பெனியிலிருந்து கோழி கொண்டுவருவார். மனைவி சபைச் சமையலறையில் அதைச் சமைப்பார். "கொண்டுவந்தவரே ஸ்தோத்திரம் பண்ணட்டும்" என்று போதகர் சொல்வார். இவர் எழுந்து நன்றி சொல்லி ஜெபிப்பார். மாதம் முழுவதும் யாரும் அவரைப் பேசச் சொல்வதில்லை. அந்த ஒரு தடவை மட்டும் அவர் பேசுவதை எல்லோரும் தலை குனிந்து கேட்டார்கள். அதற்காக அவர் முந்தின நாளே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். அதில் ஒரு வார்த்தைகூட மனதில் இல்லாததாக இருக்காது.

ஒரு வேதபாட வகுப்பில் ஒரு நர்ஸ் பெண் கையைத் தூக்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"பாஸ்டர், நாம கறி சாப்பிடலாமா? ஏதேன் தோட்டத்துல செடியும் பழமும்தானே சாப்பாடா குடுத்தாரு? கடைசி காலத்துல சிங்கமே வைக்கோல் தின்னும்னு இருக்கு. அப்போ ஆரம்பத்துலயும் கறி இல்ல, முடிவுலயும் இல்ல. நடுவுல நாம மட்டும் ஏன்?"

அன்றைக்கு முதல் ஞாயிறு. பக்கத்து அறையிலிருந்து கோழி வறுபடும் வாசனை வந்துகொண்டிருந்தது. போதகருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்த நேரம்தான் பிடிக்கவில்லை. அவர் வேகமாகப் பதில் சொன்னார். வெள்ளத்துக்குப் பிறகு நோவாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பேதுருவுக்குத் தரிசனத்தில் வானத்திலிருந்து ஒரு துப்பட்டி நிறைய மிருகங்கள் இறங்கி வந்தன, அடித்துச் சாப்பிடு என்று குரலும் கேட்டது. ஆண்டவரே உயிர்த்தெழுந்த பிறகு மீன் சாப்பிட்டுக் காட்டினார்.

"கடைசியா ஒண்ணு. நன்றியோட வாங்கிக்கிட்டா எதையும் தள்ள வேண்டியதில்ல. ஜெபம் அதைப் பரிசுத்தமாக்கிடும். அவ்வளவுதான் விஷயம். இப்ப எழுந்து நிப்போமா?"

எல்லோரும் உடனே எழுந்து நின்றார்கள். கேள்வி கேட்ட பெண்ணும் தட்டு எடுக்க முதல் ஆளாகப் போனாள்.

அவர் மட்டும் வழக்கமான ஸ்தோத்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நன்றியோடு வாங்கினால் பரிசுத்தம், சரி. நன்றி சொல்லாமல் வாங்கினால்? பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே கோழித்துண்டைக் கடிப்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரு கையில் போன், ஒரு கையில் எலும்பு. அவர் கையால் மாட்டி அனுப்புகிற கோழிகளில் எத்தனைக்கு யார் நன்றி சொல்லியிருப்பார்கள்? பாதிக்குக்கூட இருக்காது. அப்படியானால் பாதிக்கு மேல் வீணாகச் செத்திருக்கின்றன. பிறகு வழியும் அவருக்கே தோன்றியது. தான் மாட்டுகிற கோழியெல்லாம் தன் கை வழியாகத்தானே போகிறது? சாப்பிடுகிறவர்கள் மறந்துவிட்டால் என்ன, இங்கேயே சொல்லி அனுப்பிவிடலாம்.

மறுநாள் முதல் கோழியின் காலைப் பிடித்ததும் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்தக் கோழிக்காகவும் இதைச் சாப்பிடப்போற குடும்பத்துக்காகவும் நன்றி, ஆமென்" என்று முடித்துக் கண்ணைத் திறந்தார். அதற்குள் ஐந்தாறு கொக்கிகள் காலியாகத் திரைக்குள் போய்விட்டன. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "என்னப்பா, கோழி எல்லாம் ஊருக்குப் போயிடுச்சா?" என்று கத்தினார்கள்.

பக்கத்தில் நின்று மாட்டுகிறவன் சுருட்டை. சுருட்டை முடிக்காரன், வாய் ஓயாதவன், எந்தச் சபைக்கும் போகாதவன்.

"அண்ணே, தூக்கமா?"

"ஜெபம் பண்ணேன்."

"எதுக்கு?"

"கோழிக்கு நன்றி சொல்லிட்டு அனுப்புறேன்."

சுருட்டை யோசித்தான். "காலையில வந்ததும் மொத்தமா ஒண்ணு சொல்லிட்டு வேலையப் பாருங்களேன். ஹோல்சேல் ரேட்டுல."

"நீ வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா சாப்பிட்டு முடிச்சிடுறியா?"

ஜெபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முதலில் குடும்பம் போயிற்று. பிறகு ஆண்டவரே என்பது போயிற்று. கடைசியில் "ஸ்தோத்திரம்" என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. அதற்கும் கண்ணை மூட வேண்டியிருந்ததால் கொக்கிகள் காலியாகிக்கொண்டே இருந்தன. சூப்பர்வைசர் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ், என்னய்யா இது? கொக்கியில கோழியை மாட்டச் சொன்னா காத்தை மாட்டி அனுப்புற?"

"நன்றி சொல்றேன் சார். தப்பா?"

"தப்புன்னு நான் சொன்னேனா? எனக்கும் பக்தி இருக்கு. கண்ணை ஏன்யா மூடுற? கண்ணைத் திறந்துக்கிட்டு சொல்லு. ஆண்டவர் வேண்டாம்னா சொல்லப்போறாரு?"

அது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து அவர் கண்ணைத் திறந்துகொண்டே நன்றி சொன்னார். உற்பத்தி சரியாகிவிட்டது. சூப்பர்வைசர் மகிழ்ந்தார். சுருட்டை அவருக்கு ஸ்தோத்திரம் அண்ணன் என்று பெயர் வைத்தான். அது கம்பெனி முழுவதும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் கண்ணைத் திறந்தால் கோழி தெரிகிறது. இத்தனை வருடமாக அவர் பார்த்ததெல்லாம் கால்களைத்தான். காலைப் பிடி, கொக்கியில் மாட்டு, அடுத்த காலைப் பிடி. இப்போது நன்றி சொல்வதற்காக ஒவ்வொன்றின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணைச் சுற்றி ஆரஞ்சு வளையம். கண்ணை மூடும்போது அதன் கீழ் இமை மேலே ஏறி வரும். சிலது இறக்கையை அடித்து அடங்கும். சிலது தலையை மேலே வளைத்து அவரைப் பார்க்கும். அவை வளர்ந்து முதிர்ந்த கோழிகளும் இல்லை. உடம்பு பெரிதாக இருந்தாலும் சில கோழிகள் இன்னும் குஞ்சு மாதிரி கீச்சென்று கத்தின. "ஸ்தோத்திரம்" என்று அவர் சொன்னார். அது பயந்துபோய்ப் பார்த்தது. பயந்துபோன ஒன்றின் முகத்துக்கு நேராக, உன்னைக் கொடுத்ததற்காக நன்றி என்று சொல்வது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. அது எங்கே கொடுத்தது?

ஒருநாள் பாதி வேலையில் அந்தச் சொல் வாயில் வரவில்லை. கை மாட்டிக்கொண்டே இருந்தது. உதடு வேறு ஒன்றைச் சொன்னது. "மன்னிச்சிக்கோ." அது மனதில் இருந்தது, அதனால் வாயிலும் வந்தது. பிறகு அதையே சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவி கோழி வைத்தார். அவர் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"ஏன், உப்பு பத்தலையா?"

"உப்பெல்லாம் சரியா இருக்கு. இறங்கல."

"தொண்டை வலியா?"

"இல்ல. அதோட மூஞ்சியைப் பாத்துட்டேன்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"காலை."

"சரி. கோழி இறங்கல. கோழியை மாட்டி வாங்குன சம்பளத்துல வந்த சோறு மட்டும் எப்படி இறங்குது?"

அவர் சோற்றைக் கையால் அளைந்தார்.

"தெரியல" என்றார். "ஆனா பசிக்குது."

"அப்ப சாப்பிடுங்க. கண்ணு பாத்த மாதிரி வயிறும் பாத்தா நாளைக்கு வேலைக்குப் போக முடியாது" என்று சொல்லிவிட்டு, ஒதுக்கிய துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

சபையில் விஷயம் பரவ அந்த அம்மாளே போதும். அடுத்த வாரமே போதகரும் சபைப் பொருளாளரும் வீட்டுக்கு வந்தார்கள். வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும்தான். போதகருக்கு நாற்காலி, பொருளாளருக்குக் கட்டிலின் ஓரம். போதகர் தொண்டையைச் செருமினார்.

"பிரதர், நீங்க கறியை விட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டோம். தப்பு ஒண்ணும் இல்ல. வேதத்துல பவுல் அப்போஸ்தலன் இதைப் பத்திச் சொல்லியிருக்காரு. விசுவாசத்துல பலவீனமா இருக்குறவங்க காய்கறி சாப்பிடுவாங்க. நாம அவங்களை ஏத்துக்கணும். அப்படிப்பட்ட சகோதரன் நம்மளால விசுவாசத்துல இடறிடக் கூடாது. இடறுவார்னு தெரிஞ்சா நான் கறியே தொடமாட்டேன்னு பவுல் சொல்லிட்டாரு."

பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாஸ்டர், ஒரு நிமிஷம். இவர் சாப்பிடலைன்னா நாம யாரும் சாப்பிடக் கூடாதா?"

"அவர் இடறினா."

"இவர் ஒருத்தருக்காக மொத்தச் சபையுமா?"

"வசனம் அப்படித்தான் இருக்கு."

பவுல் இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம் என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது. பிறகு போதகர் முகம் தெளிந்தது.

"பிரதர், மனசைத் தொட்டுச் சொல்லுங்க. நாங்க சாப்பிடுறதைப் பாத்தா நீங்க இடறுவீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல பாஸ்டர். எனக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. என்னால முடியல, அவ்வளவுதான்."

"ஸ்தோத்திரம்!" என்றார் போதகர். பொருளாளர் முகம் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தச் சலுகைக் கோழி..." என்று இழுத்தார்.

"வாங்குறது வேற, சாப்பிடுறது வேற" என்றார் போதகர். "சாப்பிடத்தான் அவருக்கு மனசாட்சி உறுத்துது. வாங்குறதுக்கு ஏன் உறுத்தணும்?"

சமையல் மேடையிலிருந்து மனைவி குரல் வந்தது. "பாஸ்டர், இவரைப் போயி பலவீனம்ங்கிறீங்களே, ஒரு நாளைக்கு இவர் தூக்குற கனத்தை நம்ம சபையில யார் தூக்குவாங்க?"

"ஆவிக்குரிய பலவீனம் சிஸ்டர்."

"தோள்பட்டையில இருக்கறது எந்தப் பலவீனம்?"

போதகர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு ஜெபித்துக் கிளம்பினார்.

அவர்களை வழியனுப்பிவிட்டு அவர் திரும்பியபோது படியில் அந்த நர்ஸ் பெண் எதிரே வந்தாள். அவள் வீடும் அதே கட்டடத்தில்தான். அவளிடமாவது பேசலாம் என்று அவருக்கு ஆசை. "நீ கேட்ட கேள்விதாம்மா என்னைப் பிடிச்சிக்கிச்சு. நீயும் விட்டுட்டியா?" என்றார்.

அவள் விழித்தாள். "ஐயோ அங்கிள், நான் சும்மா கேட்டேன். வகுப்புல யாருமே கேள்வி கேக்கலைன்னா பாஸ்டர் வருத்தப்படுவாரேன்னு கேட்டேன்." கையில் பொட்டலம் இருந்தது. அதில் எண்ணெய் ஊறியிருந்தது. அவள் அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் கம்பெனிக்கு ஒரு பெரிய கடைக்காரரின் கொள்முதல் அதிகாரியான ஒரு பெண் வந்திருந்தார். அந்த அம்மாள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மாட்டுகிற இடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு கோழிக்கும் உதட்டை அசைக்கும் ஒரு மனிதரைக் கண்டார். "அவர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார். கூடவே வந்த சூப்பர்வைசர் வாயில் வந்ததைச் சொன்னார். "எங்க கம்பெனியில ஒவ்வொரு கோழிக்கும் ஜெபம் பண்ணித்தான் மேடம் அனுப்புறோம்." அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்டர் இரட்டிப்பானது.

மேனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்த அறைக்குள் போனதில்லை. கோழி வாசனையே இல்லாத அறை. மேசையில் ஒரு ஸ்டிக்கர். கூப்பிய இரண்டு கைகள், கீழே 'நன்றியோடு' என்று பொன் எழுத்து.

"உக்காருங்க, உக்காருங்க. உங்களாலதான் இது. இனிமே பெட்டிக்குப் பெட்டி இதை ஒட்டப்போறோம். நீங்க இனிமே மாட்ட வேண்டாம். லைன் பக்கத்துல நாற்காலி போட்டுத் தர்றேன். உக்காந்து ஜெபம் மட்டும் பண்ணுங்க. ஜெப மேற்பார்வையாளர். சம்பளமும் கூட்டிடலாம்."

நாற்காலி. அவருடைய தோள்பட்டை அந்தச் சொல்லைத் தானாகவே கேட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"சார், நான் நன்றி சொல்றதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு."

"பின்ன உதடு அசையுதாமே?"

"மன்னிப்புக் கேக்கறேன் சார்."

மேனேஜர் பேனாவால் மேசையைத் தட்டினார். "தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?"

"பக்கத்துல வேற மாதிரி இருக்கு சார்."

"பக்கத்துல யாரும் வரப்போறதில்ல. ஒரே ஒரு தடவைதான் சத்தமா சொல்லணும். உங்க சபைச் சாப்பாட்டுக்கு இந்த மாசம் கோழி எங்க செலவு. போதகர்கிட்டப் பேசிட்டேன், அவருக்கு ரொம்பச் சந்தோஷம். நீங்க எழுந்து நல்லா ஒரு நன்றி ஜெபம் சொல்றீங்க, நாங்க வீடியோ எடுத்துக்கறோம். மறுநாள் நாற்காலி."

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அந்த அம்மாள் இரண்டு கையையும் தூக்கி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு அவருடைய தோள்பட்டையில் தைலம் தேய்த்தார்.

"ஒரே ஒரு தடவைங்க. எல்லாரும் சொல்றாங்க. எங்க தம்பி வீட்டுல பண்ண மாதிரி பண்ணிடாதீங்க. சொல்லிடுவீங்கல்ல?"

"பாக்குறேன்."

"பாக்குறதெல்லாம் வேணாம். பாத்துப் பாத்துதான் இந்த நிலைமை. கண்ணை மூடிக்கிட்டு சொல்லிடுங்க."

அவர் பல தடவை சொல்லிப் பார்த்தார். பேருந்தில் சொல்லிப் பார்த்தார். கழிவறையில் சொல்லிப் பார்த்தார். 'ஆண்டவரே, இந்தக் கோழிக்காக நன்றி.' நாலே சொல்தான். மூன்றாவது சொல் வரை வந்தது.

முதல் ஞாயிறு வந்தது. மாடி அறை நிறைந்து வழிந்தது. கம்பெனி இலவசமாகக் கோழி போடுகிறது என்றதும் பல மாதங்களாக விசுவாசத்தில் தளர்ந்திருந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். நீள மேசையில் பெட்டிகள், பெட்டியில் கூப்பிய கைகள். பெட்டிகளுக்குப் பின்னால் மேனேஜர், போதகர், பொருளாளர். கேமரா பிடித்தவன் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றான். போதகர் நன்றியறிதலைப் பற்றிப் பேசினார், சுருக்கமாக. அப்புறம் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் எழுந்தார். கண்ணை மூடச் சொல்லியிருந்தார்கள். மூடினார். ஆனால் ஒருமுறை பார்த்த முகங்கள் கண்ணை மூடினால் போய்விடுவதில்லை. திறந்துவிட்டார். முன்வரிசையில் மனைவி தலை குனிந்து, கைவிரல்களை இறுக்கிப் பின்னி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆண்டவரே" என்றார். "சோத்துக்காக நன்றி. வெள்ளரிக்காய்க்காக நன்றி. தண்ணிக்காக நன்றி. விடியறதுக்கு முன்னாடி எழுந்து இத்தனை பேருக்குச் சமைச்ச என் வீட்டுக்காரிக்காக நன்றி." இங்கே குரல் நன்றாகத்தான் இருந்தது. மேனேஜர் கேமராக்காரனைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

"அப்புறம் இந்தக் கோழி."

வறுத்த கோழியின் வாசனை எல்லோர் தலைக்கும் மேலாக நகர்ந்தது.

"ஆண்டவரே, நீர் அனுமதிச்சிருக்கீர்னு பாஸ்டர் சொல்றாரு. இருக்கும். எனக்கு அவ்வளவு படிப்பு இல்ல. ஆனா இது எங்களுக்குத் தன்னைக் குடுக்கல. நாங்கதான் எடுத்துக்கிட்டோம். நான்தான் மாட்டினேன். எடுத்ததுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இவங்க பசியா இருக்காங்க. இவங்க மேலயும் இரங்கும், அதுங்க மேலயும் இரங்கும். ஆமென்."

"ஆமென்!" என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. அந்த மாடி அறையில் அவ்வளவு பலமான ஆமென் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த நொடி நாற்காலிகள் இழுபட்டன, தட்டுகள் மோதின. "நல்ல ஜெபம் பிரதர், ரொம்ப ஆழமா இருந்துச்சு" என்று பொருளாளர் தொடைத்துண்டைத் தேடிக்கொண்டே சொன்னார். போதகர் மட்டும் கையில் வெறும் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

மேனேஜர் பக்கத்தில் வந்தார். "வெள்ளரிக்காய் வரைக்கும் பிரமாதம். அதுக்கு அப்புறம் வெட்டிடலாம். ஆனா நாற்காலியில வேற ஆளைத்தான் போடணும். கோவிச்சுக்காதீங்க."

நாற்காலி சுருட்டைக்குப் போனது. அவன் உட்கார்ந்துகொண்டு சினிமாப் பாட்டை முணுமுணுப்பான். தூரத்திலிருந்து பார்த்தால் உதடு அசைவது தெரியும். வெள்ளைக் கோட்டு அம்மாளுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய கோழி நன்றாக விற்றது. சபையில் ஸ்தோத்திர ஜெபம் பொருளாளர் கைக்குப் போனது. அவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார் என்று எல்லோருக்கும் திருப்தி.

அந்த ஞாயிறு சாயங்காலம் முழுவதும் மனைவி அவரோடு பேசவில்லை. மீந்த பெட்டியைச் சபையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இருட்டியதும் தட்டு வைத்தார். அவருக்குச் சோறும் வெள்ளரிக்காயும். தனக்குக் கோழி. எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

"பொய்க்கு என்ன அவ்வளவு பஞ்சம் உங்ககிட்ட?" என்றார் கடைசியில். "நாலு சொல்லு. நாற்காலி போச்சு. உங்க தோளை இன்னும் எத்தனை நாளைக்கு நான் தேய்க்கறது?"

"கூடை கழுவுற எடத்துல ஆள் கேக்குறாங்க. கையை மேல தூக்க வேணாம். சம்பளம் கொஞ்சம் குறையும்."

"அதே கம்பெனி. அதே கோழி வந்த கூடை."

"ஆமா."

"கழுவுனா மட்டும் பாவம் இல்லையா?"

"இருக்கும். ஆனா மூஞ்சியைப் பாத்து மாட்ட வேண்டியதில்ல."

"பெரிய பரிசுத்தவான்" என்று அந்த அம்மாள் முணுமுணுத்துவிட்டு ஒரு துண்டை எடுத்தார். வாய்வரை கொண்டுபோன கை நின்றது. துண்டைத் திருப்பி ஒருதரம் பார்த்தார். அவரை முறைத்தார்.

"உங்களோட சேந்து எனக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார். பிறகு துண்டைப் பார்த்து, வேலைக்காரியிடம் கணக்குத் தீர்ப்பதைப் போன்ற குரலில் சொன்னார்: "எடுத்துக்கிட்டோம். மன்னிச்சிக்கோ."

சொல்லிவிட்டுக் கடித்தார். நன்றாக மென்றார்.

"என்ன பாக்குறீங்க? நல்லாத்தான் வெந்திருக்கு. நாளைக்குக் காலையிலயே போயி அந்தக் கூடை வேலையைக் கேளுங்க. வேற எவனாவது முந்திக்கப்போறான்."